எட்டடித் தொட்டி எங்கே போயிற்று?

போன மாதம் என் பிக்கப் டிரக்கின் டிரான்ஸ்மிஷன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். 2006 மாடல், ரெகுலர் கேப், அதாவது ஒரே வரிசை இருக்கை, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி, பின்னால் சாமான் ஏற்ற எட்டடி நீளத்துக்குத் திறந்த தொட்டி. பெட் என்பார்கள் இங்கே அமெரிக்காவில். 2012-இல் ஒரு பெரியவரிடம் 7,500 டாலருக்கு வாங்கினேன், இப்போது 2,18,000 மைல் ஓடியாகிவிட்டது.

இந்த வண்டி எனக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியாது. ஹூஸ்டன் பக்கம் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் வீட்டு சோபா இதில் ஊர்வலம் போயிருக்கிறது. பொங்கல் விழாவுக்குக் கரும்புக் கட்டு, வாழை மரம், வாடகை நாற்காலி, ஒரு தடவை நாடகத்துக்குச் செய்த அட்டைச் சிம்மாசனம் கூட. யாராவது போனில் "அண்ணா, சனிக்கிழமை ஃப்ரீயா?" என்று ஆரம்பித்தாலே வீடு மாறுகிறார்கள் என்று புரிந்துவிடும். கூப்பிடுவது என்னை இல்லை, வண்டியை.

மெக்கானிக் பார்த்துவிட்டு 3,800 டாலர் ஆகும் என்றார். மனைவியிடம் சொன்னேன். "இருபது வருஷ வண்டிக்கு நாலாயிரமா? போதுங்க, புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்றாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளே வாயைத் திறந்து வண்டி வாங்கச் சொன்னது இதுதான் முதல் தடவை, மனசு மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று மறுநாளே ஒரு டீலரிடம் போனேன்.

எனக்கு வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. இப்போது இருப்பதே புதிதாக வேண்டும். ரெகுலர் கேப், எட்டடித் தொட்டி, ஏசி இருந்தால் போதும், ரேடியோ இல்லாவிட்டாலும் பாட்டுப் பாடிக்கொள்வேன். விற்பனைக்கு நின்ற பையன் நல்ல பையன், மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், அப்புறம் கொஞ்சம் சங்கடத்தோடு "அந்த மாதிரி நாங்கள் ஸ்டாக்கில் வைப்பதில்லை சார், கம்பெனிகளுக்கு விற்கிற பிரிவில் ஆர்டர் போடலாம், மூன்று நான்கு மாதம் ஆகலாம்" என்றான். நூற்றுக்கும் மேல் டிரக் வெயிலில் பளபளவென்று நிற்கிறது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எல்லாமே நான்கு கதவு, எல்லாமே ஐந்தரை அடித் தொட்டி. இருப்பதிலேயே விலை குறைந்தது எது என்றேன். 54,000-த்துச் சொச்சம். அதற்குப் பக்கத்திலேயே தோல் இருக்கை போட்டு, மரத்தகடு ஒட்டி, கூரை முழுக்கக் கண்ணாடி வைத்து ஒன்று நின்றது, 78,000. நான் வீடு வாங்கியபோது முன்பணமாகக் கட்டியது அதைவிடக் குறைவு.

சரி, ஜன்னலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்போம் என்று உட்கார்ந்தேன். டெஸ்டினேஷன் சார்ஜ் என்று ஒரு வரி, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் கூலி, இப்போதெல்லாம் முழு அளவு டிரக் என்றால் 2,000 டாலரைத் தாண்டுகிறது. பேரம் பேச முடியாது. டியர்பார்னில் ஃபோர்டு தொழிற்சாலை வாசலில் குடியிருப்பவருக்கும் இதே கூலிதான், ஆயிரம் மைல் தள்ளி இருப்பவருக்கும் இதே கூலிதான். அதற்குக் கீழே டீலரே ஒட்டிய இரண்டாவது சீட்டு. பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு 1,495. சக்கரப் பூட்டு ஒரு தொகை. டயரில் நைட்ரஜன் நிரப்பியதற்கு 199. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே தம்பி, மீதி 22 சதவீதத்துக்கா 199 டாலர் என்று கேட்டேன். சிரித்தான். பாவம், அவன் என்ன செய்வான். டெக்சாஸ் விற்பனை வரி 6.25 சதவீதம் வேறு, 60,000 வண்டிக்கு அதுவே 3,750 டாலர், அதாவது என் மெக்கானிக் கேட்ட காசு.

பிறகு கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்கு வசதிப்படும்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். பத்து வருடம் முன்னால் கார் வாங்கும்போது சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவன் நான். மாதத் தொகையை நீங்கள் சொல்லிவிட்டால் அதற்கு ஏற்றபடி வருடத்தை இழுப்பார்கள், வண்டியின் விலை என்கிற பேச்சே அந்த அறையில் செத்துப்போகும். 60,000 டாலர் கடன், 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்தில் அடைத்தால் மாதம் 1,217 டாலர், மொத்த வட்டி சுமார் 13,000. அதையே ஏழு வருடம், அதாவது 84 மாதம் இழுத்தால் மாதம் 935 ஆகிவிடும். "பார்த்தீர்களா, ஆயிரத்துக்குள் வந்துவிட்டது" என்பார்கள். ஆனால் வட்டி 18,500-ஐத் தாண்டும். ஏழாவது வருடத்தில் அந்த வண்டியின் டிரான்ஸ்மிஷனும் யோசிக்க ஆரம்பித்திருக்கும், நாம் அப்போதும் மாதா மாதம் கட்டிக்கொண்டிருப்போம்.

முன்பு மூன்று வருடக் கடன், நான்கு வருடக் கடன் என்றிருந்தது. இன்று 72 மாதம் சர்வசாதாரணம், 84-ஐயும் கூச்சமில்லாமல் நீட்டுகிறார்கள். விலை ஏறியதால் கடன் நீண்டதா, கடன் நீண்டதால் விலை ஏறியதா என்று யோசித்தால், இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிட்டன என்றுதான் தோன்றுகிறது. ஏழு வருடக் கடன் என்ற ஒன்று இல்லையென்றால் 78,000 டாலர் டிரக்கைத் தெருவுக்கு மூன்று வீட்டு வாசலில் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் என் பழைய வண்டியின் டாஷ்போர்டு அறையைக் குடைந்தேன். முதல் சொந்தக்காரப் பெரியவர் அந்தக் காலத்து ஜன்னல் சீட்டை மடித்து உறையில் போட்டு வைத்திருந்தார், இத்தனை வருடமாக அங்கேயேதான் கிடந்தது. கிட்டத்தட்ட 20,000 டாலர். பணவீக்கத்தைக் கணக்குப் போட்டால் 2006-இன் 20,000 இன்றைக்கு 32,000 மாதிரி. எனவே 32,000-க்கு இதே போல ஒரு புது வண்டி கிடைத்தால், விலை ஏறவேயில்லை என்று அர்த்தம். நிஜத்தில் ஃபோர்டு எஃப்-150-இன் அடிமட்டமான எக்ஸ்.எல். வகையே எல்லாக் கூலியும் சேர்த்து 40,000 டாலரை ஒட்டி வந்துவிட்டது. சரி, 32-இலிருந்து 40. இது விலையேற்றம், ஒத்துக்கொள்கிறேன், எல்லாவற்றுக்கும்தான் ஏறியிருக்கிறது. ஆனால் அந்த 40,000 டாலர் வண்டி டீலர் வாசலில் இல்லையே. இருப்பது 54-இல் ஆரம்பித்து 78 வரை. 40-க்கும் 54-க்கும் நடுவில் இருக்கிற 14,000 இருக்கிறதே, அதை விலையேற்றம் என்று சொல்லக் கூடாது, மலிவான வண்டியை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். செய்திகளில் வருவதெல்லாம் சராசரி. வண்டி விலைகளைத் தொகுக்கும் கெல்லி புளூ புக் கணக்குப்படி 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் விற்ற புது வண்டியின் சராசரி விலை முதல் முறையாக 50,000 டாலரைத் தாண்டியது. முழு அளவு பிக்கப்பின் சராசரி 60,000-க்கும் மேல். இட்லி இல்லை, நெய் ரோஸ்ட் மட்டும்தான் என்று சொல்கிற ஓட்டலில் சராசரி பில் ஏறத்தானே செய்யும்.

இது எப்படி நடந்தது என்று இரண்டு வாரம் இரவில் உட்கார்ந்து படித்தேன். மனைவி கேட்டாள், வண்டி வாங்கப் போறீங்களா, பரீட்சை எழுதப் போறீங்களா என்று.

முதலில் கோழி. ஆமாம், கோழிதான். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது, மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் இருந்த பொதுச் சந்தை அதன் மேல் வரி போட்டது, பதிலுக்கு 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகு ரக டிரக் ஆகிய நான்கின் மேலும் 25 சதவீத இறக்குமதி வரி போட்டார். மற்ற மூன்றும் காலப்போக்கில் தப்பித்துக்கொண்டன. டிரக் மட்டும் அறுபது வருடமாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. 2025 ஏப்ரல் வரை கார்களுக்கு 2.5 சதவீதம்தான், டிரக்குக்கு 25. கோழிச் சண்டை முடிந்து கோழிகளின் எத்தனையோ தலைமுறை போய்விட்டது, வரியின் பெயர் மட்டும் இன்னும் சிக்கன் டாக்ஸ்.

அதைத் தாண்டக் கம்பெனிகள் செய்த தில்லுமுல்லு தனிக் கதை. சுபாரு, பிராட் என்ற தன் குட்டி டிரக்கின் திறந்த தொட்டியில் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பின்பக்கம் பார்த்தபடி வெல்டு வைத்து, இது பயணிகள் வண்டி ஐயா என்று கொண்டுவந்தது. அமெரிக்கக் கம்பெனியான ஃபோர்டே துருக்கியிலிருந்து டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின் இருக்கை, ஜன்னல் எல்லாம் வைத்து இறக்கி, துறைமுகம் தாண்டியதும் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுச் சரக்கு வேனாக விற்றது. அது வழக்காகி, 2024-இல் 36.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து சின்ன, மலிவான டிரக் வராமல் தடுத்து நின்ற வேலி, வேலிக்கு உள்ளே இருந்தவர்களையே குத்தியது.

இந்த வேலியின் விலை தெரிய வேண்டுமென்றால் தாய்லாந்தைப் பாருங்கள். 2023 கடைசியில் டொயோட்டா அங்கே ஹைலக்ஸ் சாம்ப் என்று ஒரு டிரக் இறக்கியது. இரண்டு இருக்கை, தட்டையான தொட்டி, ஒரு அலங்காரமும் கிடையாது, ஆரம்ப விலை 4,59,000 பாட். டாலரில் சுமார் 13,000. அதன் படத்தைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சை என் மனைவி வேறு விதமாக நினைத்துக்கொண்டாள்.

அடுத்தது, நல்லெண்ணத்தில் போட்ட ஒரு விதி. எரிபொருள் சிக்கன விதியில் 2011 வாக்கில் ஒரு மாற்றம் வந்தது: வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு நடுவில் உள்ள பரப்பு எவ்வளவோ அதைப் பொறுத்து இலக்கு. பெரிய பரப்பு என்றால் இலக்கு லேசு, சின்னப் பரப்பு என்றால் கடுமை. சின்ன டிரக் செய்கிறவன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும், அதையே இழுத்துப் பெரிதாக்கினால் நிம்மதி. நீங்கள் கம்பெனி முதலாளியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஃபோர்டு 2011 டிசம்பரில் மினசோட்டா தொழிற்சாலையோடு சின்ன ரேஞ்சரை மூடியது. 2019-இல் அதே பெயரில் திரும்பி வந்தபோது அது ஆள் வளர்ந்து, தோள் அகன்று, யார் என்றே தெரியாதபடி வந்தது. காரணம் இந்த விதி ஒன்று மட்டுமே என்று நான் சொல்லவில்லை, சின்ன டிரக்கில் லாபமும் குறைவு, வாங்குகிறவர்களும் பெரிதைத்தான் கேட்டார்கள். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது தெளிவு.

மூன்றாவது வருமான வரி. சுயதொழில் செய்கிற நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், பெரிய டிரக் வைத்திருக்கிறார், அதில் சரக்கு ஏற்றி நான் பார்த்ததில்லை. வண்டியும் ஏற்றும் சரக்கும் சேர்த்து மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டுக்கு மேல் இருக்கும் வண்டியைத் தொழிலுக்கு என்று வாங்கினால், சாதாரணக் காருக்கு இருக்கிற தேய்மான உச்சவரம்பு அதற்குக் கிடையாது, முதல் வருடமே பெரும் பகுதியைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 2017 சட்டம் நூறு சதவீதம் வரை அனுமதித்தது, 2023-இலிருந்து படிப்படியாகக் குறைந்தது, 2025 ஜூலைச் சட்டம் திரும்பவும் நூறு சதவீதத்தைக் கொண்டுவந்துவிட்டது. பாதிக்கு மேல் தொழிலுக்குத்தான் ஓட வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அவர் கடைப்பிடிப்பார் என்று நம்புகிறேன். விஷயம் என்னவென்றால், அவரும் நானும் ஒரே டீலர் வாசலில் ஒரே வண்டியைப் பார்க்கிறோம், அவருக்கு 78,000 என்பது 78,000 இல்லை, எனக்கு அது 78,000-தான், டீலர் யாருக்காக ஸ்டாக் வைப்பார்?

இதற்கெல்லாம் மேலே 2021-இல் வந்த சிப் தட்டுப்பாடு. அதுதான் கம்பெனிகளுக்குப் புதுப் பாடம் சொல்லிக்கொடுத்தது என்று நினைக்கிறேன். ஒரு சின்ன சிப் இல்லாமல் ஆயிரக்கணக்கான ஃபோர்டு டிரக்குகள் கென்டக்கியில் ஒரு கார் பந்தய மைதானத்தில் வரிசை வரிசையாக நிறுத்திக் கிடந்த படம் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கைக்கு வந்த கொஞ்ச சிப்புகளை எந்த வண்டியில் வைப்பது? லாபம் அதிகம் வருகிற வண்டியில். குறைத்துச் செய்து, விலையை ஏற்றி, தள்ளுபடியே கொடுக்காமல் விற்றாலும் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். சீட்டு விலைக்கு மேல் ஐயாயிரம் பத்தாயிரம் வைத்து, அதற்கு மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு பெயர் வைத்து விற்ற டீலர்களை நாமே பார்த்தோம். அந்தச் சமயத்தில் என் ஓட்டை வண்டிக்கு ஒருவர் 9,000 தருகிறேன் என்று வந்தார், நான் வாங்கிய விலையைவிட அதிகம், ஒன்பது வருடம் ஓட்டிய பிறகு! கொடுத்திருக்கலாம். கொடுத்துவிட்டு எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. அப்புறம் 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி 2023 ஜூலையில் 5.25க்கு மேல் போய் நின்றது, வாகனக் கடன் வட்டியும் பின்னாலேயே ஏறியது.

வாக்குக் கொடுத்த விலை எவ்வளவு நாள் நிற்கிறது என்பதற்கு மின்சார டிரக்குகளைப் பார்க்கலாம். எஃப்-150 லைட்னிங் 2021-இல் அறிவிக்கும்போது ஆரம்ப விலை 39,974. 2022 ஆகஸ்டில் 46,974. அந்த வருடக் கடைசியில் 55,974. 2023 மார்ச்சில் 59,974. அதே வண்டி, அதே பெயர், இரண்டு வருடத்துக்குள் 20,000 டாலர் ஏற்றம். ஜூலையில் ஆள் வராமல் போக, ஒரே நாளில் பத்தாயிரம் குறைத்து 49,995 ஆக்கினார்கள். டெஸ்லா சைபர்டிரக்கை 2019-இல் காட்டும்போது 39,900 என்றார்கள், 2023 நவம்பரில் விற்பனைக்கு வந்த அன்று பட்டியலில் இருந்த குறைந்தபட்ச விலையே 60,990. மேடையில் சொல்கிற விலையைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற முகூர்த்த நேரம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு உண்மையில் வருத்தம் ஃபோர்டு மேவரிக்கில்தான். 2022 மாடலாக வந்தது, சின்ன டிரக், ஹைபிரிட், 19,995 டாலர். மெக்சிகோவின் எர்மோசியோவில் செய்வதால், அந்த நாட்டோடு இருக்கும் வர்த்தக ஒப்பந்தத்தின்படி கோழி வரி கிடையாது. நான்கு கதவு, நாலரை அடித் தொட்டிதான், ஆனாலும் என்னைப் போன்றவர்களுக்காகவே யாரோ யோசித்துச் செய்தது மாதிரி இருந்தது. அப்போதே வாங்கியிருக்க வேண்டும். பழைய வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டேன். 2025 மாடல் வந்தபோது ஆரம்ப விலை 26,000-ஐத் தாண்டிவிட்டது, அப்புறமும் ஏறியது. மூன்றே வருடத்தில் முப்பது சதவீதத்துக்கும் மேல். இது வெறும் பணவீக்கம் இல்லை. மலிவாக ஒன்று வைத்தால் ஜனங்கள் அடித்துப்பிடித்து வாங்குகிறார்கள் என்று தெரிந்தது, ஏற்றினார்கள், அப்போதும் வாங்கினார்கள், இன்னும் ஏற்றினார்கள்.

2025-இன் வரிக் கூத்து தெரிந்ததே. ஏப்ரலில் இறக்குமதி வாகனங்களுக்கு 25 சதவீதம், ஜூனில் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் 50 சதவீதம். எஃப்-150-இன் உடம்பு 2015-இலிருந்து அலுமினியம் என்பது நினைவிருக்கட்டும். போதாக்குறைக்குச் செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்து ஆஸ்வீகோவில் இருக்கும் நோவெலிஸ் அலுமினிய ஆலையில் தீப்பிடித்தது, ஃபோர்டுக்குத் தகடு போகிற இடம் அது. ஒரு கையால் வரியை ஏற்றிய அரசு, மறு கையால் அமெரிக்காவிலேயே பாகங்கள் சேர்த்துச் செய்த புது வண்டிக்கான கடன் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை 2028 வரைக்கும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது. ஒரு வருடத்தில் 10,000 டாலர் வட்டி வர எவ்வளவு கடன் வாங்க வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். எட்டு சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். யாரை மனதில் வைத்து எழுதினார்களோ.

புது டிரக்கில் ஒன்றுமே இல்லை, வெறும் கொள்ளை என்று சொன்னால் அது பொய். என் வண்டியில் பின்னால் எடுக்கும்போது கழுத்தை முறுக்க வேண்டும். 2018 மே முதல் புது வண்டி எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம், அது எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியிருக்குமோ. பத்து கியர், தானாகப் பிரேக் போடும் வசதி, என் வண்டியைவிட இரண்டு மடங்கு இழுக்கும் பலம், நெடுஞ்சாலையில் காருக்குள் உட்கார்ந்த மாதிரி ஓட்டம். அந்த 78,000 வண்டியில் சும்மா ஏறி உட்கார்ந்தேன் என்று மனைவியிடம் சொல்லவில்லை. இருக்கையிலிருந்து முதுகுக்கு ஜில்லென்று காற்று வருகிறது, ஹூஸ்டன் ஆகஸ்டில் அது சொர்க்கம். பத்து நிமிடம் இறங்க மனசே வரவில்லை. நான் திட்டுகிற ஆசை எனக்குள்ளேயும் இருக்கிறது, கம்பெனிக்காரன் அதைத்தான் அளந்து விற்கிறான். டிரக் என்பது மண்வெட்டி, வாளி மாதிரி ஒரு சாமானாக இருந்த காலம் போய், குடும்பம் முழுக்க ஏறி மாலுக்குப் போகிற வண்டியாகிவிட்டது, அதனால்தான் இருக்கைகள் நீண்டு தொட்டி குறுகியது. ஃபோர்டு, கிங் ராஞ்ச் என்று தோல் மெத்தை போட்ட எஃப்-150-ஐ 2001-லேயே இறக்கிவிட்டது. நாம்தான் நேற்று விழித்தோம்.

சரி, மாற்று என்ன என்று பார்த்தேன். பழைய டிரக் வாங்கலாம் என்றால் மூன்று நான்கு வயது வண்டியெல்லாம் இன்னும் நாற்பதுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதற்கு வட்டி புதுசைவிட அதிகம். ஜப்பானிலிருந்து கெய் டிரக் இறக்கலாம், 660 சிசி, பொம்மை மாதிரி இருக்கும், தொட்டியோ ஆறடிக்கும் மேல், மூன்று பக்கமும் மடக்கித் திறக்கலாம். ஆனால் 25 வருடம் முடிந்த வண்டியைத்தான் கொண்டுவர முடியும், பதிவு விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு, எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் பதினெட்டுச் சக்கர லாரிக்கு நடுவில் அதை ஓட்ட எனக்கு இன்னும் அவ்வளவு வாழ்க்கை வெறுக்கவில்லை. ஸ்லேட் என்று ஒரு புதுக் கம்பெனி 2025 ஏப்ரலில் ஒரு மின்சார டிரக்கைக் காட்டியது, இரண்டு இருக்கை, கையால் சுற்றும் கண்ணாடி, ரேடியோ கிடையாது, பெயின்ட் கூடக் கிடையாது. எனக்காகவே செய்தது போலத்தான் இருந்தது. மத்திய அரசின் 7,500 டாலர் சலுகை போக 20,000-க்குள் என்றார்கள், செப்டம்பர் 30-ஓடு அந்தச் சலுகையே போயிற்று. 50 டாலர் கட்டிப் பெயர் பதிந்து வைத்திருக்கிறேன், வேண்டாமென்றால் திருப்பித் தருவார்களாம். மனைவி அதற்கும் சிரிக்கிறாள். ரேடியோ இல்லாத வண்டிக்கு அட்வான்ஸ் கட்டிய முதல் ஆள் நீங்கதான் என்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மெக்கானிக்கிடம் 3,800 கொடுத்துவிட்டேன். 935 டாலர் மாதத் தவணையில் பார்த்தால் நான்கு மாதக் காசு. இரண்டிலிருந்து மூன்றுக்கு வெண்ணெய் மாதிரி மாறுகிறது, ஏசி மட்டும் இன்னும் கொஞ்சம் முனகுகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் நிறுத்துவதற்குள் போன் வந்துவிட்டது. "அண்ணா, சனிக்கிழமை ஃப்ரீயா?" கேட்டது வேறு யாருமில்லை, புதிதாக நான்கு கதவு டிரக் வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிற தம்பிதான். டைனிங் டேபிள் அவன் தொட்டியில் நுழையவில்லையாம்.